இடி நாராசம் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மழைக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் 'இடியின் நாராச ஓசை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இடி உறுமும், அதிரும், முழங்கும், காதையே அடைத்துவிடும். நாராசம் மட்டும் ஆகாது.

நாராசம் என்றால் இரும்பு அம்பு, இரும்புச் சலாகை. வடமொழியிலிருந்து வந்த சொல். ஓலைச்சுவடியில் ஏடுகள் நகராதிருக்கத் துளையில் செருகும் கம்பிக்கும் இதே பெயர்தான். கேட்கப் பொறுக்காத பேச்சைக் 'காய்ச்சிய நாராசத்தைக் காதில் விட்டதுபோல' என்பார்கள். நாளடைவில் 'போல' உதிர்ந்துபோய், ஓசையே நாராசம் என்றாகிவிட்டது. ஆகவே அந்தச் சொல் சத்தத்தின் அளவைச் சொல்வதில்லை, அது காதைக் குத்துவதைத்தான் சொல்கிறது. கரும்பலகையை நகத்தால் மெல்லக் கீறினாலும் பல் கூசுகிறதே, அது நாராசம்.

சரி, உச்சமான கீச்சொலிதான் நாராசமா என்றால் அதுவும் இல்லை. 1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய கீறல் ஓசையிலிருந்து மிக உயர்ந்த அதிர்வெண்களை நீக்கிப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களுக்கு எரிச்சல் குறையவில்லை. அதற்குக் கீழே உள்ளவற்றை நீக்கியபோதுதான் குறைந்தது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. குழந்தை வீறிடும்போது நம்மால் சும்மா இருக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். (அதை நாராசம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள்.) சிட்டுக்குருவியின் கீச்சு எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் அதை யாரும் நாராசம் என்பதில்லை.

'நாராசமாகத் திட்டினான்' என்று பேச்சில் சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஆபாச வசையும் காதில் பாய்வதுதானே. ஆனால் 'நாராசமான சுவரொட்டி', 'நாராச நெடி' என்றெல்லாம் எழுதுவது கொஞ்சம் அதிகம். கண்ணுக்கும் மூக்குக்கும் தமிழில் வேறு வசைச்சொற்கள் நிறையவே உண்டு.

சுருதி விலகிய பாட்டுக்கும் கரகரத்த ஒலிபெருக்கிக்கும் முன்பெல்லாம் 'கர்ணகடூரம்' என்று எழுதுவார்கள். கர்ணம் என்றால் காது, கடூரம் என்றால் கடுமை. இப்போது அதை அச்சில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. உங்கள் இசை விமர்சகர் அதை அவ்வப்போது எடுத்தாளலாம், அவருக்குத் தேவைப்படும் கச்சேரிகள் நிறைய இருப்பதாகவே தெரிகிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்