வெஸ்ட்மின்ஸ்டர் லாபி நிருபர்களுக்கு ஒரு பேப்பர் கடைக்காரனின் மடல்

லாபி நிருபர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலிருந்து அரசியல் செய்தி தரும் நீங்கள் எழுதுவதை எங்கள் தெருவில் முதலில் பார்ப்பவன் நான்தான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை வாசலில் கிடக்கும் கட்டுகளின் பிளாஸ்டிக் பட்டையைக் கத்தியால் அறுத்து, பேப்பர்களைத் தட்டில் அடுக்குகிறேன். சில நாள்களில் நாலு பேப்பரிலும் ஒரே சங்கதி, கிட்டத்தட்ட ஒரே வரி. ‘பிரதமருக்கு நெருக்கமான வட்டாரம்’ சொன்னதாம். அந்த வட்டாரம் யாரென்று உங்களுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது.

கட்சிகளின் செய்தி ஆலோசகர்களான ஸ்பின் டாக்டர்களைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. கட்சிக்காரன் தன் கட்சிக்கு ஏற்றபடி செய்தியைத் திருப்பத்தான் பார்ப்பான், அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இலங்கையில் பிறந்தவனுக்கு ஸ்பின் என்றால் முரளிதரன். அவர் 800 டெஸ்ட் விக்கெட்டையும் மைதானத்தின் நடுவில், எல்லாரும் பார்க்கத்தான் எடுத்தார். அப்படியும் விடவில்லை, முழங்கை எத்தனை பாகை மடங்குகிறதென்று ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தார்கள். இந்த டாக்டர்களுக்கோ அளக்க முழங்கையும் இல்லை, பார்க்க முகமும் இல்லை. முகத்தை மறைத்துக் கொடுப்பது நீங்கள்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் அல்ல. 1986-இல் அப்போதைய பிரதமர் தாட்சரின் கொள்கையை அமைச்சர் ஜான் பிஃபென் தொலைக்காட்சியில் லேசாகக் குறை சொல்லிவிட்டார். உடனே அவர் அமைச்சரவையில் ‘ஒட்டியும் ஒட்டாமலும்’ இருப்பவர் என்று பேப்பர்களில் வந்தது. சொன்னவர் தாட்சரின் செய்திச் செயலர் பெர்னார்ட் இங்கம். அச்சில் அவர் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு தேர்தல் முடிந்ததும் பிஃபெனின் பதவி போயிற்று. இங்கம் வெறும் சாக்கடைக் குழாய், அதில் ஓடும் கழிவு அவரல்ல என்று பிஃபென் பிறகு சொன்னார். அந்தக் குழாய் வந்து திறந்த இடம் எது என்பதை அவர் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மறக்காத நாள் 2002 செப்டம்பர் 25. அப்போது இதே கடையில் சம்பளத்துக்கு நின்றேன். ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றிய அரசின் ஆவணம் முதல் நாள்தான் வந்திருந்தது. உத்தரவு வந்த 45 நிமிடத்தில் ஈராக் சில பேரழிவு ஆயுதங்களைத் தயாராக்கிவிடும் என்று அதில் இருந்தது. ஆவணம் வந்த அன்று மாலையே ஈவினிங் ஸ்டாண்டர்ட் பேப்பர் ‘தாக்குதலுக்கு 45 நிமிடம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. மறுநாள் காலை சன் பேப்பரில், பிரிட்டிஷ்காரர்கள் அழிவுக்கு 45 நிமிடத் தூரத்தில் இருக்கிறார்கள் என்று தலைப்பு. தினமும் வரும் வயதான வெள்ளைக்காரர் ஒருவருக்கு மகன் சைப்பிரஸில் உள்ள பிரிட்டிஷ் ராணுவத் தளத்தில். பேப்பரைக் கல்லா மேசையில் விரித்து வைத்து நின்றுகொண்டே முழுவதும் படித்தார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். வாங்க வந்த பால் மேசையிலேயே இருந்தது.

உண்மை என்ன? அந்த 45 நிமிடம் போர்க்களத்தில் பயன்படும் ஆயுதங்களுக்கானது. சைப்பிரஸ் வரை பாயும் ஏவுகணைக்கானது அல்ல. பாதுகாப்பு அமைச்சர் ஜெஃப் ஹூனுக்கு அது தெரிந்தே இருந்தது. தலைப்புகளை ஏன் திருத்தவில்லை என்று நீதிபதி ஹட்டன் நடத்திய விசாரணையில் கேட்டபோது, பேப்பர்கள் பொதுவாகத் திருத்தத்துக்கு இணங்குவதில்லை என்பது தன் அனுபவம் என்றார். நல்ல பதில். அரசுக்கு எதிரான செய்தி ஒன்றை பிபிசி சொன்னபோது, பிரதமர் பிளேரின் செய்தித் தொடர்புத் தலைவர் அலஸ்டர் காம்பெல் 2003 கோடை முழுக்க எப்படி மல்லுக்கட்டினார் என்று நாடே பார்த்தது. வசதியான பிழையாக இருந்தால் மட்டும் திருத்துவது அவ்வளவு சிரமம் போலிருக்கிறது.

இரட்டைக் கோபுரம் தாக்கப்பட்ட அன்றே, புதைக்க வேண்டிய செய்திகளை வெளியே விட இது நல்ல நாள் என்று ஓர் ஆலோசகர் மின்னஞ்சல் அனுப்பிய கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விடுகிறேன்.

உங்களால் எதிர்த்து நிற்க முடியாது என்றும் சொல்ல வழியில்லை. 2020 பிப்ரவரி 3 அன்று டவுனிங் தெரு பத்தாம் எண்ணில், பிரதமர் இல்லத்தில், உங்களை ஒரு விரிப்பின் இரு பக்கமும் பிரித்து நிறுத்தினார்கள். அழைப்பு உள்ளவர்கள் இந்தப் பக்கம், மற்றவர்கள் வெளியே போகலாம் என்றார் அப்போதைய பிரதமர் ஜான்சனின் செய்தித் தொடர்புத் தலைவர் லீ கெய்ன். உள்ளே இருக்கச் சொன்னவர்களும் சேர்ந்து எல்லாரும் வெளியேறினீர்கள். அன்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

சரி, என்னதான் கேட்கிறேன்? வேலை போய்விடும் என்று பயந்துகொண்டு தவறை அம்பலப்படுத்தும் குமாஸ்தாவின் பெயரைக் கட்டாயம் மறையுங்கள். ஆனால் அரசின் சிறப்பு ஆலோசகர்கள் வாங்குவது எங்கள் வரிப்பணம். அவர்களின் பெயர்ப் பட்டியலை அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒருவர் உங்களிடம் போனில் ஓர் அமைச்சரைத் தாக்கிப் பேசினால், அவர் எப்படி ‘நண்பர்’ ஆகிறார், எப்படி ‘வட்டாரம்’ ஆகிறார்? பெயரைப் போடுங்கள். ஒருவர் போட்டால் அவருக்கு மறுநாள் போன் வராது, எனக்கும் தெரியும். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். குறைந்தபட்சம் ‘பிரதமரிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஆலோசகர்’ என்றாவது எழுதுங்கள்.

அந்த வயதானவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் ராணுவத்திலிருந்து வந்து இதே தெருவில்தான் இருக்கிறான். காலையில் வருவான், பேப்பர் தட்டைத் தாண்டி நேரே உள்ளே போவான். பால் மட்டும் வாங்குவான்.

இப்படிக்கு,
வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு பேப்பர் கடைக்காரன்