என் மருந்துச் சீட்டில் முதலாளிக்கு என்ன வேலை?

மாண்புமிகு அமெரிக்க செனட் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூன் 5 அன்று கருத்தடை உரிமை மசோதாவை நீங்கள் விவாதத்துக்குக்கூட எடுக்கவில்லை. ஆதரவு 51, எதிர்ப்பு 39. விவாதத்துக்கு எடுக்கவே 60 வாக்கு வேண்டும் என்பதால் அங்கேயே நின்றுபோனது. அந்த மசோதா இன்சூரன்ஸைப் பற்றியதுகூட இல்லை. கருத்தடை மாத்திரை வாங்கும் உரிமையைப் பற்றியது. அதற்கே மனம் வரவில்லை என்றால், வேலையோடு வரும் இன்சூரன்ஸில் கருத்தடை மாத்திரைக்கு மட்டும் மதக் காரணம் சொல்லி என் முதலாளி பணம் மறுக்கிறார் என்ற என் குறையை எங்கே போய்ச் சொல்வது? உங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதினேன். அச்சடித்த நன்றிக் கடிதம் ஒன்று வந்தது. அதனால் இந்த முறை, என்னைப் போன்ற பெண்களும் படிக்கட்டும் என்று என் மொழியில் எழுதுகிறேன்.

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. அதற்கு மருந்தும் கருத்தடை மாத்திரைதான். அதைப் போடாவிட்டால் உதிரப்போக்கு பன்னிரண்டு நாள் ஆனாலும் நிற்காது. கருத்தடைச் செலவை இன்சூரன்ஸே முழுதாக ஏற்க வேண்டும் என்ற புதிய விதி 2012 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின் இந்த மாத்திரைக்கு நான் ஒரு சென்ட்கூடக் கட்டியதில்லை. சென்ற ஆண்டு, ஒரு மத அமைப்பு நடத்தும் கல்லூரியில் கணிதம் கற்பிக்கச் சேர்ந்தேன். முதல் மாதம் ஃபார்மசிக்குப் போனபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "உங்கள் இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தராது" என்றார்.

கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். கருத்தடைக்கு என்றால் கிடையாது, நோய்க்கு என்றால் டாக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். அது போதாதாம், ஸ்கேன் அறிக்கை வேண்டுமாம். அப்புறம் எத்தனை நாள் உதிரம் போகிறது, எப்போதிலிருந்து என்று எழுதித் தரச் சொன்னார்கள். என் அம்மாவிடமே தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயத்தை, அப்பா வயதுள்ள ஓர் அலுவலர் மேசையில் விரித்து வரிவரியாகப் படித்தார். படித்து முடித்தும் அவர் நிமிரவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தத் தாள்கள் மேசை மேசையாகச் சுற்றி வந்த இரண்டு மாதமும் நான் கார் இருக்கையில் பழைய துண்டை விரித்துத்தான் வேலைக்குப் போய்வந்தேன். கரும்பலகை பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் புடவையோ பேன்ட்டோ கறைபட்டிருக்குமோ என்ற பயம். முப்பது மாணவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. நோய் இருந்ததால் கிடைத்தது. என்னோடு வேலை செய்யும் ஒரு தோழிக்கு இரண்டு பிள்ளைகள், போதும் என்று முடிவு செய்திருக்கிறாள். அவளுக்கு நோய் இல்லை. அதனால் ஒன்றும் இல்லை. கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தைக் கேட்டுப் பார்த்தாள். கைக்காசு போட்டால் ஆயிரம் டாலரைத் தாண்டும் என்றார்கள். மதக் காரணம் சொல்லிச் சில கருத்தடை முறைகளுக்குப் பணம் தர மறுத்த ஹாபி லாபி என்ற கடை நிறுவனத்தின் வழக்கில், 2014-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பில் இதைத்தான் சொன்னார்: குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்ணுக்கு இந்தச் சாதனத்தின் செலவு ஏறக்குறைய ஒரு மாத முழுச் சம்பளம்.

இன்சூரன்ஸ் என் முதலாளி எனக்குப் போடும் பிச்சை அல்ல. அது என் உழைப்புக்கான கூலியில் ஒரு பங்கு. என் சம்பளச் சீட்டைப் பாருங்கள், மாதாமாதம் பிரீமியம் பிடித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, என் டாக்டர் எழுதிய மருந்துக்கு நடுவில் என் முதலாளிக்கு என்ன வேலை?

அவர்கள் நம்பிக்கையை நான் குறைவாகப் பேசவில்லை. அமாவாசை அன்று எங்கள் வீட்டில் வெங்காயம் சேர்க்க மாட்டோம். அதற்காக எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் அடுப்பை எட்டிப் பார்க்க மாட்டோம்.

ஒரு நடுவழி இருந்தது. நிறுவனம் ஒரு படிவம் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும், இன்சூரன்ஸ் கம்பெனி நேரடியாகப் பணம் கட்டும். 2017-ல் டிரம்ப் அரசு அதையும் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அதற்கு வழிவிட்டது. 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை பலன் இழப்பார்கள் என்பது அரசே போட்ட கணக்கு. கணக்குத் தெரிந்தே செய்த காரியம் இது. 2012 பிப்ரவரியில் இதே விஷயத்தைப் பேச அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் அவையின் குழு ஒன்று கூடியபோது முதல் வரிசை சாட்சிகள் ஐந்து பேரும் ஆண்கள். பேச வந்த சட்ட மாணவி சாண்ட்ரா ஃப்ளூக்குக்கு இடம் தரவில்லை. அவர் சொல்ல வந்தது என் நோயின் கதைதான். மாத்திரைக்கு வழியில்லாமல் அவருடைய தோழி ஒரு சினைப்பையையே இழந்திருந்தார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நாங்கள் கடிதம் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம்.

இந்தியாவில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையைக் காசில்லாமல் கொடுப்பார்கள். எங்கே வேலை, முதலாளி எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று எந்த நர்ஸும் கேட்டதில்லை. அங்கேயும் குறைகள் உண்டு, ஆனால் இந்த ஒரு கேள்வி இல்லை. உலகத்திலேயே பணக்கார நாட்டில்தான் அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதிக் கொடுத்தேன்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். முதலாளி விலகிக்கொள்ள விரும்பினால் விலகட்டும், ஆனால் அந்தப் பெண்ணின் கருத்தடைச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி நேரடியாகக் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றுங்கள். நோயா, தடுப்பா என்று எந்த அலுவலகமும் அவளைக் கேட்கக் கூடாது என்றும் அதில் எழுதுங்கள். 2024 மார்ச்சிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கும் ஓபில் என்ற கருத்தடை மாத்திரை மாதம் சுமார் இருபது டாலர்; தயவுசெய்து அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாக்காளர்களில் ஒருத்தி,
ஒரு கணித ஆசிரியை