வீட்டு வைஃபை திறந்து கிடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரரே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய மோசடிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருவது பாராட்டுக்குரியது. முன்பின் தெரியாதவர்களின் அழைப்பை நம்பக் கூடாது, வங்கி விவரங்களை யாரிடமும் சொல்லக் கூடாது, பணம் பறிபோனால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பனவெல்லாம் இன்று மலேசியாவில் நம் மக்களில் பலருக்கும் தெரிந்திருக்கின்றன. ஆனால் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இரவும் பகலும் விளக்கெரிந்துகொண்டிருக்கும், வீடெங்கும் இணையத்தை அலையாகப் பரப்பும் பெட்டியான வைஃபை ரூட்டரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதைப் பாதுகாப்பாக அமைத்துக் கொடுக்கும் கடமை இணைப்பு வழங்கும் நிறுவனங்களுடையது என்றும், அவை அதைச் செய்யும்வரை நம் குடும்பங்கள் தாமே செய்துகொள்ள வேண்டும் என்றும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு 114ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் நடப்பில் உள்ள அப்பிரிவின்படி, ஓர் இணைய இணைப்பிலிருந்து ஏதேனும் வெளியிடப்பட்டால், அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே அதை வெளியிட்டார் என்று அனுமானிக்கப்படும். அப்படியில்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் அவருடையதே. எதிர்வீட்டுப் பையனோ கீழே கார் நிறுத்துமிடத்தில் அமர்ந்திருக்கும் அந்நியரோ நம் வைஃபையில் நுழைந்து ஒருவரை அவதூறு செய்தாலும், தகாத படத்தைப் பரப்பினாலும், விசாரணை முதலில் வந்து நிற்கும் இடம் மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் நம் வீட்டு வாசல்தான். நம் வீடுகளில் அந்தப் பெயர் பெரும்பாலும் அப்பாவுடையதாகவோ, இணையத்தில் வாட்சாப்பைத் தவிர வேறெதையும் தொடாத பாட்டியுடையதாகவோ இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சட்டம் ஒருவர் தலையில் வைக்கும்போது, அந்தப் பெட்டி அவர் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அண்மையில் எங்கள் அடுக்குமாடியில் ஓர் அம்மையாரின் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க வந்த பணியாளர் வேலை செய்ததை உடனிருந்து கவனித்தேன். கதவோரச் சுவரில் துளையிட்டு, வெள்ளைக் கண்ணாடியிழைக் கம்பியைச் சுவரோரமாகவே நேர்த்தியாகப் பதித்து, ரூட்டரைத் தொலைக்காட்சி மேசைக்குக் கீழே வைத்தார். தம் கைத்தொலைபேசியில் வேகத்தை அளந்து அந்த எண்ணை அம்மையாரிடம் காட்டினார். கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று மலாயில் கேட்டார். அவர் தம் கைத்தொலைபேசி எண்ணைச் சொன்னார். அதைப் பதிந்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அவர் மீது எனக்குக் குறையில்லை. ஒரு நாளில் இத்தனை வீடுகளை முடிக்க வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்டிருக்கும் கட்டளை. குறை, அந்தக் கட்டளையில் பாதுகாப்புக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்காத ஏற்பாட்டின் மீதுதான்.

கைத்தொலைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பது ஏன் ஆபத்து என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. வைஃபையைக் கடவுச்சொல்லால் பூட்டிக் காப்பதற்கு இன்று பல வீடுகளில் இயங்கும் டபிள்யூபிஏ2 (WPA2) என்ற முறையில், ஒரு கைத்தொலைபேசி ரூட்டருடன் இணையும் கணத்தில் இரண்டும் பரிமாறிக்கொள்ளும் சமிக்ஞைகளை வீட்டுக்கு வெளியே நிற்பவர் பதிவுசெய்துகொள்ள முடியும். பிறகு அவர் தம் வீட்டில் சாவகாசமாக அமர்ந்து, கணினியைக் கொண்டு ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்க்கலாம். நம் ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது. நம் நாட்டுக் கைத்தொலைபேசி எண்கள் எல்லாம் 01 என்றே தொடங்குகின்றன. ஆகவே 10 இலக்க எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் 100 மில்லியனைத் தாண்டாது. 011 எனத் தொடங்கும் 11 இலக்க எண்களும் அதே அளவுதான். கணினி விளையாட்டுப் பிரியர்கள் தங்கள் கணினியில் பொருத்த வாங்கும் நல்ல வரைகலை அட்டை ஒன்று வினாடிக்குப் பல இலட்சம் சொற்களைச் சோதித்துவிடும் என்பதால், இந்த எண்கள் அனைத்தையும் முயன்று முடிக்கச் சில நிமிடங்களே போதும். அம்மையாரின் எண்ணை அறிந்த அண்டை வீட்டாருக்கு அந்தச் சில நிமிடங்களும் தேவையில்லை. அடையாள அட்டை எண்ணை வைப்பது இன்னும் மோசம். அதில் பிறந்த தேதியும் பிறந்த மாநிலத்தின் குறியீடும் இருக்கின்றன. வந்துபோகும் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் அதை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இதற்கு மாற்று கடினமானதன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் சேர்த்து எழுதினால், முருங்கை, படகு, சுண்ணாம்பு, ஏணி என்பது போல, நினைவில் நிற்கும். கணினிக்கும் எளிதில் சிக்காது. எல்லோரும் அறிந்த பாடல் வரியையோ பழமொழியையோ எடுத்துக்கொள்ளக் கூடாது. அச்சில் வந்துவிட்ட மேற்கண்ட நான்கு சொற்களையும் யாரும் அப்படியே பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி, பலரும் அறியாத இரண்டாவது கடவுச்சொல்லுக்கு வருகிறேன். வைஃபையில் இணைவதற்கு ஒரு கடவுச்சொல் இருப்பதைப் போல, ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்குத் தனியே ஒரு கடவுச்சொல் உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தால் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது போன்ற முகவரியும், அதனருகே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். பல பழைய பெட்டிகளிலும் மலிவான பெட்டிகளிலும் ஒரே வகைப் பெட்டிகள் அனைத்துக்கும் இது ஒன்றுதான். இணையத்தில் தேடினால் எவருக்கும் கிடைக்கும். முதற்கடவுச்சொல்லை எவ்வளவு வலுவாக வைத்தாலும், இதை மாற்றாமல் விட்டால், ஒருமுறை இணைய அனுமதி பெற்ற எவரும் உள்ளே புகுந்து அமைப்பையே மாற்றிவிடலாம். வங்கியின் இணைய முகவரியைத் தேடும்போது எந்த வழங்கியை, அதாவது வழிகாட்டும் எந்தக் கணினியை, கேட்க வேண்டும் என்ற அமைப்பு அங்கேதான் இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால், சரியான முகவரியைத் தட்டினாலும் போலிப் பக்கம் வந்து நிற்கும். பக்கம் பாதுகாப்பானதன்று என்று உலாவி எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் இருப்பவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதே கவலை.

2016ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், உலகெங்கும் இலட்சக்கணக்கான ரூட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் கைப்பற்றியது. அதன் கையில் இருந்ததெல்லாம் தொழிற்சாலையில் வைக்கப்பட்ட பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அடங்கிய, ஏறத்தாழ 60 வரிகள் கொண்ட ஒரு பட்டியல்தான். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று இணைய முகவரிகளுக்கு வழிகாட்டும் டைன் என்ற நிறுவனத்தின் வழங்கிகளை அது தாக்கியதில், டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் திறக்கவில்லை. அந்தப் படையில் சேர்க்கப்பட்ட பெட்டிகள் சாதாரண வீடுகளிலும் சிறு கடைகளிலும் இருந்தவை. அவற்றின் உரிமையாளர்களுக்கு இணையம் சற்று மெதுவாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு அறிகுறி தெரிந்திருக்காது.

ரூட்டரை எங்கே வைக்கிறோம் என்பதும் பாதுகாப்போடு தொடர்புடைய செய்திதான். கம்பி நுழையும் கதவோரத்திலேயே, தரைக்கு அருகில், மரப்பலகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் பின்னால் வைத்துவிட்டுப் போனால், அடுக்குமாடிகளின் கான்கிரீட் சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு அலை போய்ச் சேராது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களில் விரைவில் நலிந்துவிடும்; மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான் சற்றுத் தூரம் போகும். பிள்ளை படிக்கும் அறையில் இணையம் இல்லை என்றதும் பெற்றோர் இணையக் கடைகளில் மலிவான நீட்டிப்புக் கருவியை வாங்கிச் சுவரில் செருகுகிறார்கள். அந்தக் கருவிக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு, அதுவும் தொழிற்சாலையில் வைத்ததே என்பதை யாரும் சொல்வதில்லை. இப்படியாக, பெட்டியை வீட்டின் நடுவே இடுப்பளவு உயரத்தில் வைத்திருந்தால் தேவைப்பட்டே இருக்காத இரண்டாவது வாசல் ஒன்று திறக்கிறது. கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் (WPS) என்ற வசதியையும் அணைத்துவிட வேண்டும். அதன் 8 இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் அதை உடைத்துவிடலாம் என்பது 2011ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரூட்டரிலும் கைத்தொலைபேசிகளிலும் வசதி இருந்தால் 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 (WPA3) முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன, பதிவுசெய்து பிறகு ஊகிக்கும் தந்திரம் அதில் பலிக்காது. இல்லையென்றால் டபிள்யூபிஏ2 போதும்; எளிதில் உடைந்துவிடும் பழைய முறையான டபிள்யூஇபி (WEP) மட்டுமே உள்ள பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவது நல்லது. வெளியிலிருந்து அமைப்பை மாற்ற உதவும் வசதி தேவையில்லையென்றால் அதை அணைத்துவிட வேண்டும். கடையில் நாமே வாங்கிய பெட்டிக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதால் பயனில்லை. ஆனால் அந்தப் பெயரில் மாடி எண்ணையும் வீட்டு எண்ணையும் எழுதி வைப்பது, யாருடைய வீடு என்று வெளியாருக்கு நாமே அறிவிப்பதாகும்.

பினாங்கில் இன்னொரு நிலைமையும் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளையோருக்கு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்கள் பல, வாடகையோடு சேர்த்து வைஃபையையும் கொடுத்துவிடுகின்றன. இவர்களுக்கும், கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைக்கும் உணவுக்கடைக்காரர்களுக்கும் முடிதிருத்தகத்தாருக்கும் நான் சொல்ல விரும்புவது, பெரும்பாலான புதிய ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வலையமைப்பை ஏற்படுத்தும் வசதி இருக்கிறது என்பதே. வாடகைக்கு இருப்பவர்கள், வாடிக்கையாளர்கள், கண்காணிப்புக் கேமரா ஆகியவை அதில் இருக்கட்டும். குடும்பத்தின் கைத்தொலைபேசிகளும் கணினிகளும் மட்டும் முதன்மை வலையமைப்பில் இருக்கட்டும். இதனால் நம் கருவிகள் காக்கப்படுமே தவிர, 114ஏ பிரிவின் அனுமானம் நீங்கிவிடாது. ஆகவே ஒருவர் அறையைக் காலி செய்ததும் கடவுச்சொல்லை மாற்றுவதும், எவர் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தங்கினார் என்பதை எழுதி வைப்பதும் கட்டாயம் வேண்டும்.

குடும்பங்கள் இவ்வளவும் செய்யலாம். ஆனால் சுமை முழுவதையும் அவர்கள் மீதே ஏற்றுவது நியாயமன்று. சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வீட்டு ரூட்டருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே பதிவிறங்க வேண்டும் என்பன விதிகளாகிவிட்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு இணையக் கருவிகளை விற்பதே சட்டவிரோதம். நம் நாட்டிலும் வைஃபை கருவிகளுக்கு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். சிரிம் என்ற சான்றளிப்பு நிறுவனத்தின் வழியாகச் சான்றும் முத்திரையும் வழங்கப்படுகின்றன. கருவியின் அலைவரிசையைச் சோதிக்கும் அந்த ஏற்பாடு, அதன் கடவுச்சொல்லையும் சோதித்து, பொதுக் கடவுச்சொல் கொண்ட எந்தப் பெட்டிக்கும் முத்திரை கிடைக்காதபடி செய்ய வேண்டும். இணைப்பு வழங்கும் நிறுவனங்களும், இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, விருந்தினர் வலையமைப்பைக் காட்டிக் கொடுத்த பிறகே வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பணியாளர்களுக்கு உத்தரவிட வேண்டும். அதற்கான நேரத்தையும் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். சட்டம் சந்தாதாரரைப் பொறுப்பாளியாக்கும்போது, அவரிடமிருந்து மாதந்தோறும் கட்டணம் வாங்குபவர் இதைச் செய்து தர மறுக்க என்ன காரணம் இருக்க முடியும்?

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். ரூட்டர்களின் அமைப்புப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் மட்டும் சரளமாகப் படிக்கும் பெரியவர்கள், தங்கள் பெயரில் இருக்கும் இணைப்பின் அமைப்பைப் பேரப்பிள்ளைகள் வரும்வரை தொட முடியாமல் இருக்கிறார்கள். நாட்டில் பரவலாகப் பயன்படுத்தப்படும் ரூட்டர்களின் அமைப்புப் பக்கங்களைக் காட்டும் படங்களோடு, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எதை அழுத்த வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று விளக்கும் அரைப்பக்கப் பகுதி ஒன்றை ஞாயிறு பதிப்பில் சில வாரங்களுக்கு வெளியிட இயலுமா என்று ஆசிரியர் குழு ஆலோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். திரைகளைப் படம் பிடித்து அனுப்பவும், விளக்கங்களைச் சரிபார்த்துத் தரவும் நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
குளுகோர், பினாங்கு