இரவிகுளம் நடை ஏப்ரலுக்கு மாற்றம்

எல்லோருக்கும் வணக்கம். சம்பா அறுப்பு முடிந்த கையோடு மூணாறு போகலாம் என்று பலர் கேட்டீர்கள். ஆனால் பிப்ரவரி, மார்ச் வரையாடு குட்டி போடும் காலம். அதனால் அப்போது, மூணாறு பக்கத்தில் அவை வாழும் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள். அந்தத் தாய் ஆடுகளுக்கு நிம்மதி வேண்டும், அதுதான் முறை. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் போவோம்.

2,695 மீட்டர் ஆனைமுடி உச்சிக்கு ஏறப்போவதில்லை. பூங்காவில் பார்வையாளர்களை விடும் பகுதியான ராஜமலை வரை வனத்துறை பஸ், அப்புறம் தார்ப்பாதையில் மெதுவான நடை. தாத்தா பாட்டியையும் தைரியமாகக் கூட்டி வாருங்கள். சமதரையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இப்போதிருந்தே சாயங்காலம் கொள்ளிடக் கரையில் நடக்கப் பழக்குங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். ஆடு பக்கத்தில் வந்தாலும் தொடவோ தின்னக் கொடுக்கவோ கூடாது.

வருகிறவர்கள் ஞாயிறுக்குள் பெயரும் வயதும் இங்கே போடுங்கள்.