போர்ட்டைப் பிடித்திருப்பது யார் என்று பார்க்கவாவது விடுங்கள்

எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம் ஐயா. போன வியாழக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். புகார் நோட்டில் மூன்று வரிக்கு மேல் இடமில்லை. அதனால்தான் இந்த மடல்.

அன்று காலை பத்து மணிக்கு எங்கள் புராஜெக்ட் ரிவ்யூ. சர்வரில் எங்கள் குழுவுக்கு நீங்கள் ஒதுக்கிய போர்ட், அதாவது எங்கள் புரோகிராமை வெளியிலிருந்து எட்டும் வாசல் எண், 8080. ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பில் எங்களுக்குத் திறந்திருப்பதும் அது ஒன்றுதான், வேறு எண்ணுக்கு மாற வழியில்லை. எங்கள் புரோகிராமைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் டாக்கர் கண்டெய்னரை ஏற்றினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை. கண்டெய்னர்களைப் பட்டியலிடும் டாக்கர் பிஎஸ் கட்டளையில் நின்றுபோன கண்டெய்னர்களையும் சேர்த்துப் பார்த்தோம். எங்களுடையது எதுவுமே இல்லை. போர்ட்டைத் திறந்து வைத்திருப்பது எது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை வெறுமையாக வந்தது. இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளை மட்டும் 8080 லிசன் நிலையில், அதாவது ஏதோ ஒரு புராசஸ் அதில் இணைப்புக்குக் காத்திருக்கும் நிலையில், இருப்பதாகக் காட்டியது. யார் பிடித்திருக்கிறார்கள் என்ற இடம் காலி. ரூட்டுக்கு, அதாவது சர்வரின் முழு உரிமைக் கணக்குக்கு, சொந்தமான புராசஸின் பெயரை, அந்த உரிமையில் கட்டளையை ஓட்டும் சூடோ இல்லாதவருக்கு எஸ்எஸ் காட்டாது.

"ஒரு நிமிஷம் பொறுங்க, தானா விட்டுரும்" என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். முடிந்த இணைப்பு கொஞ்ச நேரம் தங்கும் டைம் வெயிட் நிலையாக இருந்தால் அது சரி, லினக்ஸில் 60 நொடிதான். இது லிசன் நிலை ஐயா, எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் விடாது. நாங்கள் 40 நிமிடம் காத்திருந்தோம். பள்ளத்தூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த என் தோழி, ரிவ்யூவுக்கு வந்தவர்கள் எதிரில் கைகட்டி நின்றாள்.

கடைசியில் உங்கள் உதவியாளர் வந்து சூடோ போட்டு அதே எஸ்எஸ் கட்டளையை ஓட்டினார். போர்ட்டைக் கண்டெய்னரோடு இணைக்கும் டாக்கர் ப்ராக்ஸி என்று இரண்டு வரி வந்தது, இணைய முகவரி வகைகளான ஐபிவி4க்கு ஒன்று, ஐபிவி6க்கு ஒன்று. முந்தைய நாள் மாலை மெமரி போதாமல் டாக்கர் சேவை விழுந்து எழுந்ததே, அப்போது அநாதையாகத் தங்கிவிட்டவை. அந்த இரண்டு புராசஸை மட்டும் நிறுத்துங்கள் என்று கெஞ்சினோம். விதிப்படி ரீபூட்தான் என்றார்.

ரீபூட் ஆனது, எங்கள் போர்ட் கிடைத்தது. ஆனால் அதே சர்வரில் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவன் முந்தைய இரவிலிருந்து ஒரு ஏஐ மாடலைப் பயிற்றிக்கொண்டிருந்தான். நின்றதும் கண்டெய்னரை அழித்துவிடும் ஆர்எம் குறியோடு ஓட்டியிருந்ததால் கண்டெய்னரோடு உள்ளே எழுதியதும் போனது. கண்டெய்னருக்கு வெளியே சேமிக்க அவன் வால்யூம் போட்டிருக்க வேண்டும் என்பீர்கள், சரிதான். அதற்காக இரண்டு புராசஸை நிறுத்த ஒரு சர்வரையே அணைப்பதா? அவன் முகத்தை நான் பார்த்தேன். எங்கள் ரிவ்யூவுக்காக அவன் வேலை போனது. அவனிடம் என்ன சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை உண்டு. சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தாலும், எந்த அறையின் சாவி யாரிடம் என்று வீட்டிலிருக்கும் ஆச்சிக்குத் தெரியும். ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது என்று யாரும் வீட்டையே காலி செய்யச் சொல்வதில்லை. நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்: எங்கள் போர்ட்டைப் பிடித்திருப்பது யார் என்று பார்க்க அனுமதி.

இந்த ஆய்வகத்தில் எதற்கும் மருந்து ரீபூட்தான். பிரிண்டர் நின்றால் ரீபூட், நெட் போனால் ரீபூட். ஏன் நின்றது என்று கேட்டால் அதிகப்பிரசங்கி என்ற பெயர். ஏன் என்று கேட்கத்தானே ஐயா எங்களைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். டாக்கரை இயக்க அனுமதி தரும் டாக்கர் குழுவில் எங்களைப்போல் இருப்பவர் நினைத்தால் ரூட் உரிமையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் குறுக்கு வழியில் நாங்கள் போகவில்லை. முறையாகக் கேட்கிறோம். சூடோ விதியில் அந்த எஸ்எஸ் கட்டளை ஒன்றை மட்டும் எங்களுக்குத் திறந்துவிடுங்கள். தங்கிவிட்ட ப்ராக்ஸியை நிறுத்தும் வேலை உங்கள் கையிலேயே இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நிறுத்துங்கள். ரீபூட் செய்தே ஆகவேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னால் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

அடுத்த ரிவ்யூ மாதக் கடைசியில் வருகிறது. அதற்குள் செய்து தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டுக் கணினி அறிவியல் மாணவி,
காரைக்குடி