கேள்வியா, வழுவா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. இப்போது அவர் என்னைவிடத் தெளிவாகப் படிக்கிறார். உன் கடிதத்தையும் எனக்கு முன்பே படித்துவிட்டு, "யாரிடம் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உன் நிரலை இத்தனை பேர் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு ஆரம்பித்தாய். அடுத்த பத்தியிலேயே, வழுப் பதிவேட்டில் (நிரலில் உள்ள பிழைகளைப் பயனர்கள் பதியும் இடம்) பாதிக்கு மேல் வழுவே இல்லை, எப்படி நிறுவுவது, ஏன் ஓடவில்லை என்று என் உயிரை வாங்குகிறார்கள் என்று புலம்பல். வீட்டுக்கு ஒரே ஒரு கதவை வைத்துவிட்டு, எல்லாரும் அதையே தட்டுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டால் எப்படி? அவர்களுக்கு வழுவும் கேள்வியும் ஒன்றுதான். ஓடவில்லை, அவ்வளவுதான் தெரியும். பிழை தங்களுடையதா உன்னுடையதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தால் பாதிப் பேர் டிக்கெட்டே (அந்தப் பதிவேட்டில் இடும் புகார்) போட்டிருக்க மாட்டார்கள்.

நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். என் நிரல் சிஎஸ்வி என்ற, காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பைப் படித்து அறிக்கை தயாரிக்கும் அல்லவா? ஒரு நாள் இரவு ஒருவர் டிக்கெட் போட்டார். தலைப்பு: "வேலை செய்யவில்லை, அவசரம்." உள்ளே, திரையைக் கைபேசியில் கோணலாகப் பிடித்த ஒரு படம். அதில் "பெயர் என்ற நெடுவரிசை இல்லை" என்ற என் பிழைச்செய்தி. கீழே இன்னொரு படம். அதில் கோப்பின் முதல் நெடுவரிசையே "பெயர்"தான். நான் இரண்டாவது படத்தை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. "இது பயன்பாட்டுக் கேள்வி, வழு அல்ல. உங்கள் கோப்பைச் சரிபாருங்கள்" என்று எழுதி, 'இன்வேலிட்' (செல்லாது) என்ற லேபிளை ஒட்டி மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

அடுத்த சில மாதங்களில் அதே புகாரோடு இன்னும் இருவர் வந்தார்கள். மூன்றாமவர் புண்ணியத்தில் கோப்பே கிடைத்தது. அதைப் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால், "பெயர்" என்ற சொல்லுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் உட்கார்ந்திருக்கிறது. பைட் ஆர்டர் மார்க், அதாவது எழுத்துக் குறியீட்டு முறையைக் காட்டக் கோப்பின் தொடக்கத்தில் இடும் குறி. சில விரிதாள் மென்பொருள்கள் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கும்போது கோப்பின் தலையில் இதை வைத்துவிடுகின்றன. என் நிரல் அதையும் நெடுவரிசைப் பெயரோடு சேர்த்துப் படித்திருக்கிறது. நான் எழுதும் பைத்தான் நிரல்மொழியில் கோப்பைத் திறக்கும் வரியில் 'யூடிஎஃப்-8' என்பதை, அந்தக் குறியை விட்டுவிட்டுப் படிக்கும் 'யூடிஎஃப்-8-சிக்' என்று மாற்றினேன். தீர்ந்தது. முதல் ஆளின் டிக்கெட்டைத் திறந்து மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை, வேறு நிரல் தேடிப் போயிருப்பார்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். வந்த எல்லாக் கேள்விக்கும் டிக்கெட்டிலேயே பதில். ஒருவருடைய கணினியில் பைத்தானை நிறுவிக் கொடுக்க மட்டும் இருபது முறைக்கு மேல் மாற்றி மாற்றி எழுதியிருப்பேன். நிரலின் கோப்புகளும் டிக்கெட்டுகளும் இருக்கும் களஞ்சியத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களின் அஞ்சல் பெட்டியில் அத்தனையும் போய் விழுந்தது. எனக்கு உதவிக்கு இருந்த இரண்டு பேரில் ஒருவர் அறிவிப்பையே நிறுத்திவிட்டார். நான் எழுதிய நல்ல பதில்களோ, மூடிய டிக்கெட்டுகளுக்குள் புதைந்து போயின. அடுத்து வந்தவர் அதையே கேட்டார்.

இப்போது வழக்கம் மாறிவிட்டது. புது டிக்கெட் திறந்தால் படிவம் வரும். பதிப்பு எண், இயங்குதளம், பிழைச்செய்தி முழுவதும் எழுத்தாக. இவை இல்லாமல் அனுப்ப முடியாது. நம் களஞ்சியங்கள் இருக்கும் தளமான கிட்ஹப் 2021-இல் இந்த வசதியைக் கொண்டுவந்தது; நீ இன்னும் வெற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டிருக்கிறாய். கேள்விகளுக்கு டிஸ்கஷன்ஸ் என்ற உரையாடல் பகுதியைத் திறந்து, படிவப் பக்கத்திலேயே அதற்கு வழி காட்டியிருக்கிறேன். தவறி இங்கே வந்த கேள்வியை அப்படியே அங்கே மாற்றிவிடலாம், எழுதியதெல்லாம் கூடவே போகும். இது ஒன்றும் புதிதல்ல. உபுண்டு இயங்குதளத்தின் வழுக்களைக் கையாளும் லான்ச்பேட் தளத்தில் வழுவைக் கேள்வியாக மாற்றும் வசதி முன்பே இருந்தது.

லேபிள் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். கிட்ஹப்பில் புதுக் களஞ்சியம் தொடங்கும்போதே 'கொஸ்டின்', 'இன்வேலிட்' இரண்டும் சேர்ந்தே வருகின்றன. இரண்டாவதை அழித்துவிட்டேன். பக்ஸில்லா என்ற பழைய வழுப் பதிவு மென்பொருளின் காலத்திலிருந்தே இருக்கும் சொல்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் வகைப்பாடு. அரை மணி நேரம் செலவழித்து எழுதியவருக்கோ, நீ செல்லாதவன் என்று முத்திரை குத்தியதுபோல் இருக்கும். முப்பது நாள் பேச்சில்லையென்றால் டிக்கெட்டைத் தானாக மூடும் 'பாட்' என்ற தானியங்கி நிரலையும் வைத்துப் பார்த்தேன். பதில் சொல்லாமல் இருந்தது நான், தண்டனை கேட்டவருக்கு! ஒரே வாரத்தில் எடுத்துவிட்டேன்.

பதிலை முதலில் ஆவணத்தில் எழுதிவிட்டு, டிக்கெட்டில் இணைப்பையும் இரண்டு வரியையும் மட்டும் கொடுக்கிறேன். அதே கேள்வி மூன்றாம் முறை வந்தால், ஆவணத்தின் மீதோ பிழைச்செய்தியின் மீதோ நானே வழு பதிந்துகொள்கிறேன். "பெயர் என்ற நெடுவரிசை இல்லை" என்ற செய்தி இப்போது, கோப்பில் இருக்கும் நெடுவரிசைகளையும் மேற்கோள் குறிக்குள் வரிசையாகக் காட்டுகிறது. பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தால்கூடப் பார்த்த உடனே தெரியும். அதன் பிறகு இந்த வகைக் கேள்வி வரவே இல்லை.

இவ்வளவு செய்தும், "உங்கள் நிரல் குப்பை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவற்றைப் பதில் எழுதாமல் மூடுகிறேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

நீ பட்டியலிட்டிருந்த "தொல்லைகளில்" ஒன்றை மட்டும் மூடாதே. "நேற்று வரை ஓடியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே, அது. அவர் உன் நிரலைப் புதுப்பிக்கவில்லை என்கிறார். அப்படியானால், உன் நிரல் சார்ந்திருக்கும் நூலகங்களில் (பிறர் எழுதிய துணை நிரல்களில்) எதற்கோ புதுப் பதிப்பு வந்து அவர் கணினியில் ஏறியிருக்கலாம். உன் கணினியில் பழையதே இருப்பதால் உனக்கு ஓடுகிறது. நிறுவியிருக்கும் தொகுப்புகளின் பட்டியலை அவரிடம் கேட்டு வாங்கு, உன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார். என்ன கிடைத்தது என்று எழுது, அம்மாவும் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்