செயலாளரின் ஆண்டறிக்கை: எக்ஸ்டி கணினியும் இந்த ஓராண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பழைய கணினி ஆர்வலர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதியவர்களுக்கு சால்டரிங் பயிற்சி அளிக்கப்பட்டது. பிளாப்பிகளை நகலெடுக்கும் பணி தொடர்கிறது.

இனி எக்ஸ்டி விஷயம். இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்ததால் விரிவாகச் சொல்கிறேன். நம்மிடம் இருப்பது ஐபிஎம் 1983-இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்டி வகைத் தனிநபர் கணினி. உள்ளே 20 மெகாபைட் ஹார்டு டிஸ்க். ஆன் செய்ததும் திரையில் ஹார்டு டிஸ்க் பழுதைக் குறிக்கும் 1701 என்ற எண் வந்து நின்றுவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டு ரீசெட் செய்தால் ஒழுங்காகக் கிளம்பும். அப்புறம் ஏதாவது ஒரு கோப்பைத் திறக்கும்போது செக்டர், அதாவது டிஸ்கில் தகவல் எழுதப்படும் சிறு பகுதி, கிடைக்கவில்லை என்று அடம்பிடிக்கும். டிஸ்க் செத்துவிட்டது, கழற்றிவிட்டு மெமரி கார்டு மாட்டுங்கள் என்றனர் சிலர். செத்த டிஸ்க் சூடானதும் பிழைக்காதே என்பதுதான் என் வாதம்.

பவர் சப்ளையின் 12 வோல்ட் சரியாகவே இருந்தது. 34 பின், 20 பின் கேபிள்கள் செருகும் முனைகள் கறுத்திருந்தன. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம். பிழை குறைந்தது, நிற்கவில்லை. இந்த டிஸ்கில் தகவலைப் படித்து எழுதும் ஹெட்டை நகர்த்துவது, படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார். தகவல் எழுதப்பட்ட வட்டப் பாதையான டிராக்கின் மேல்தான் நிற்கிறோமா என்று அது சரிபார்க்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பதுபோல் போகும். தேய்மானத்தாலும் சூட்டில் உலோகம் விரிவதாலும் ஹெட் நிற்கும் இடம் நாளடைவில் விலகிவிடுகிறது. செக்டர் அடையாளங்களோ முதலில் எழுதிய இடத்திலேயே இருக்கின்றன. இதன் இயங்குதளமான டாஸின் ஃபார்மட் கட்டளை அவற்றைத் தொடுவதே இல்லை.

ஆகவே கோப்புகளை 360 கிலோபைட் பிளாப்பிகளுக்கு மாற்றிவிட்டு, டிஸ்கை அது இருக்கும் நிலையிலேயே நன்றாகச் சூடேறவிட்டு, டாஸின் டீபக் நிரலில் ஜி=சி800:5 என்ற கட்டளை கொடுத்து லோ லெவல் ஃபார்மட் செய்தோம், அதாவது செக்டர் அடையாளங்களை ஹெட் இப்போது நிற்கும் இடத்திலேயே புதிதாக எழுதினோம். டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் உள்ள பழுதான டிராக்குகளை ஒவ்வொன்றாக உள்ளிட்டோம். அதன் பிறகு 1701 வரவில்லை. தாளில் இல்லாத ஒரே ஒரு டிராக் மட்டும் புதிதாகக் கெட்டிருந்தது, அதையும் ஒதுக்கிவிட்டோம். மெமரி கார்டு மாட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும், ஆனால் அந்த டிஸ்க் சுழன்று எழும் சத்தத்தோடு ஓடும் எக்ஸ்டி நம்மிடம் இருந்திருக்காது.

ஒரு வேண்டுகோள்: அணைக்கும் முன், ஹெட்டைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தும் பார்க் நிரலை ஓட்டுங்கள். இந்த டிஸ்க் தானாக ஹெட்டை ஒதுக்கிவைக்காது. சுவரில் எழுதி ஒட்டியும் சிலர் நேராக சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது வருத்தமளிக்கிறது.

அதைவிட வருத்தம், இந்த வேலை நடந்த நாட்களில் வந்து உதவியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்பது. கருத்துச் சொன்னவர்கள் நிறைய. அவர்களில் சிலரின் சந்தா சென்ற ஆண்டிலிருந்தே நிலுவையில் உள்ளது.

கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். கேபிள்களும் உதிரிபாகங்களும்தான் காரணம். தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் தந்து உதவியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இன்னொரு எக்ஸ்டியின் பவர் சப்ளை காத்திருக்கிறது. செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியையும் பதிவேட்டையும் இன்றே ஒப்படைக்கிறேன். நானே தொடர வேண்டும் என்று பொதுக்குழு விரும்பினால், நிலுவைச் சந்தா இந்த மாதத்துக்குள் வந்து சேர வேண்டும், வேலை நாட்களில் கூட நிற்க இரண்டு பேராவது இப்போதே பெயர் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்